இடப்பக்க ஜன்னல்

ஜனவரி 6

அன்புள்ள பொடிசுக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நான் நலம். முழங்கால் மட்டும் இன்னும் முப்பத்தைந்தாயிரம் அடி உயரத்திலேயே நிற்கிறது, மற்றதெல்லாம் தரைக்கு வந்துவிட்டது. உன் நலத்துக்கும் நீ வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையின் நலத்துக்கும் எழுது.

போன மாதம் இருபதாம் தேதி கடைசிப் பயணம். விமானப் பணிப்பெண் வேலை முப்பத்தொரு வருஷத்தோடு முடிந்தது. கடைசிப் பயணி இறங்கியதும், வழக்கம்போல வரிசை வரிசையாகப் போய் யாராவது எதையாவது மறந்துவிட்டார்களா என்று இருக்கைப் பைகளைத் தடவிப் பார்த்தேன். ஒரு குழந்தையின் ஒற்றைக் காலுறை கிடைத்தது. கொடுக்க ஆளில்லை. அதை என் பையில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டேன். இப்போது சமையலறை ஆணியில் தொங்குகிறது.

வீட்டில் இருப்பது விநோதமாக இருக்கிறது. காலையில் விழித்தால் எந்த ஊர், எந்த நேரம் என்று பிடிபடுவதில்லை. திரையை விலக்கினால் வெளிச்சம் பால்போல உள்ளே வருகிறது. மேகத்துக்குள் போகிறோம் என்று ஒரு நிமிஷம் நினைத்துவிடுகிறேன். தரைகூட லேசாக முன்பக்கம் உயர்ந்திருப்பதுபோலத் தோன்றுகிறது. சாப்பாட்டைச் சொன்னால் சிரிப்பாய். நின்றுகொண்டுதான் சாப்பிடுகிறேன். விமானத்தின் பின்பக்கச் சமையலறையில் திரையை இழுத்துவிட்டு, தட்டைப் பலகையில் வைத்து ஏழு நிமிஷத்தில் தின்று பழகிய உடம்பு இது. நாற்காலியில் உட்கார்ந்தால் யாரோ மணியடித்துக் கூப்பிடப்போகிறார்கள் என்று சோறு தொண்டையிலேயே நிற்கிறது.

ஆகவே முடிவு செய்துவிட்டேன். மே மாதக் கடைசியில் இந்த வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு உன்னோடு வந்து இருக்கப்போகிறேன். அம்மா போன பிறகு ஆறு வருஷம் அந்த வீட்டில் நீ தனியாகக் கிடந்தது போதும். இனி மேஜையில் உன் எதிரே உட்கார்ந்துதான் சாப்பாடு. ஒரே ஒரு நிபந்தனை. விமானிகள் இரண்டு பேரும் ஒரே சாப்பாட்டைச் சாப்பிடக் கூடாது என்பது எங்கள் சட்டம். ஒன்று கெட்டுப்போயிருந்தால் மற்றவராவது தெளிவாக இருந்து விமானத்தை இறக்க வேண்டுமே! நம் வீட்டிலும் அதே சட்டம். தினமும் இரண்டு சமையல். முதல் வாரத்துப் பட்டியலைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். திங்கட்கிழமை உனக்குப் பருப்பும் உருளைக்கிழங்கும், எனக்குக் கீரையும் முட்டையும். சண்டை போட்டு மாற்றிக்கொள்ளலாம்.

மொட்டைமாடிக் கொடியில் நீ கட்டும் மஞ்சள் விரிப்பு இன்னும் இருக்கிறதா? நம் ஊரிலிருந்து நான் கிளம்பிய ஒவ்வொரு தடவையும் விமானம் இடப்பக்கம் திரும்பும்போது அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு வேலையே ஓடும்.

அன்புடன்,
அக்கா

ஜனவரி 30

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை பொடிசு எழுதுவது. இங்கே நலம். முழங்காலைப் பிடிவாதமாக நடக்கவைக்காதே, ஒத்தடம் கொடு. ஐம்பத்தாறு வயதில் என்னைப் பொடிசு என்று கூப்பிட உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் மிச்சம். அந்த ஆள் நன்றாக இருக்க வேண்டும்.

நீ வருவது ரொம்பச் சந்தோஷம். உன் அறைக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொல்லியிருக்கிறேன். உன் சாப்பாட்டுப் பட்டியலைக் கடையில் என் மேஜைக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறேன். கண் பரிசோதிக்க வந்தவர் ஒருவர், எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னால் அதை விட்டுவிட்டு உன் பட்டியலைப் படித்தார். "வியாழக்கிழமை எனக்கும் ஒரு தட்டு வைங்க" என்றார். அவர் நிலம் அளப்பவர். மூன்று மாதத்தில் மூன்று கண்ணாடி உடைத்துக்கொண்டு வந்துவிட்டார். "எப்படிங்க இவ்வளவு கரெக்டா மாசத்துக்கு ஒண்ணு உடைக்கிறீங்க?" என்று கேட்டேன். "அளந்துதான் உடைக்கிறேன்" என்கிறார். கிறுக்கு.

மஞ்சள் விரிப்பு இருக்கிறது. ஓரம் மட்டும் நைந்துவிட்டது.

சும்மா ஒன்று கேட்கிறேன். கடைக்கு வரும் ஒருவருக்காகத்தான். விமான ஜன்னல் திறக்குமா? கண்ணாடித் திருகாணி முடுக்கும் குட்டி ஸ்க்ரூடிரைவரைக் கைப்பையில் வைத்திருக்க விடுவார்களா? மேலே போனால் காது வலிக்குமாமே, நிஜமா?

இப்படிக்கு,
பொடிசு

பிப்ரவரி 12

அன்புள்ள பொடிசுக்கு,

நலம், நலமறிய ஆவல். ஒத்தடம் கொடுத்தேன். முழங்கால் நன்றி சொல்லச் சொன்னது.

நேற்று ஒரு கூத்து. பால்காரர் பாக்கெட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பினார். நான் வாசலில் நிமிர்ந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, "நன்றி, உங்கள் பயணம் இனிதாகட்டும்" என்று சொல்லிவிட்டேன். மனுஷன் படியில் நின்று திரும்பிப் பார்த்து, "அடுத்த தெருவுக்குத்தாம்மா போறேன்" என்றார்.

மத்தியானத் தூக்கத்தில் அடிக்கடி ஒரே கனவு வருகிறது. நடைபாதையில் தள்ளுவண்டியோடு போகிறேன். ஜன்னல்களில் ஒரே வெள்ளை. ஒவ்வொரு இருக்கையிலும் நீதான் இருக்கிறாய். பள்ளிக்கூடப் பையோடு ஒரு நீ, நரைத்த தலையோடு ஒரு நீ. எல்லாரும் ஒரே சாப்பாட்டைக் கேட்கிறீர்கள், வண்டியில் ஒன்றுதான் இருக்கிறது. விழித்தால் குக்கர் கூவுகிறது.

வீட்டுக்காரரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். அவர் வேறு குடும்பத்துக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. இனி எனக்கு இறங்க உன் வீடு ஒன்றுதான்.

உன் வாடிக்கையாளருக்குச் சொல்: ஜன்னல் திறக்காது. காதுக்குக் கொட்டாவி விட்டால் போதும். ஸ்க்ரூடிரைவர் சமாசாரத்தை விசாரித்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா

மார்ச் 22

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும். பதில் எழுத ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது, மன்னித்துக்கொள். கடையில் வேலை அதிகம்.

உன் அறையின் கூரையில் ஒழுகல் தெரிகிறது. கொத்தனார் இன்று வருகிறேன், நாளை வருகிறேன் என்கிறார். நீ மே மாதத்துக்குப் பதிலாக ஜூலையில் வந்தால் வசதியாக இருக்குமோ என்று தோன்றியது. உனக்கு எப்படி வசதியோ அப்படி.

அந்த வாடிக்கையாளர் மறுபடி கேட்டார். விமானத்துக்குள் ரொம்பக் குளிருமா? அப்புறம், மேலே போன பிறகு ஒருவருக்கு அழுகை வந்தால் என்ன செய்வார்கள்? பக்கத்து இருக்கையில் இருப்பவர்கள் பார்ப்பார்களா?

பொடிசு

மார்ச் 31

அன்புள்ள பொடிசுக்கு,

கடிதம் கிடைத்தது. நலம். கூரையைச் சரிசெய்துகொள்.

அக்கா

ஏப்ரல் 25

அன்புள்ள அக்காவுக்கு,

உனக்கு உடம்புக்கு என்ன? ஒன்றரை வரியில் ஒரு கடிதம், அப்புறம் இத்தனை நாள் ஒன்றுமே இல்லை. நடுவில் நான் எழுதிய இரண்டுக்கும் பதில் வரவில்லை. போனில் கூப்பிட்டால் "நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்" என்று வைத்துவிடுகிறாய். முப்பத்தொரு வருஷமாக நமக்குப் பேச்சென்றால் கடிதம்தானே. பக்கத்து வீட்டிலாவது சொல்லி ஒரு வரி எழுதவை.

இங்கே புதிதாக ஒன்றும் இல்லை. கொத்தனார் வரவே இல்லை. நிலம் அளப்பவர் ஜூன் பன்னிரண்டாம் தேதி ஒரு குளிர் தேசத்துக்குப் போகிறார், இரண்டு வருஷ வேலை. நான்காவது கண்ணாடியை உடைக்காமல் வாங்கிக்கொண்டு போனார். மஞ்சள் விரிப்பைத் துவைத்து வைத்தேன்.

கோபமாக இருந்தால் கோபத்தையாவது எழுது.

பொடிசு

மே 8

அன்புள்ள பொடிசுக்கு,

உடம்பு கல்லு மாதிரி இருக்கிறது. கோபமாகத்தான் இருந்தேன். இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன், ஆமாம், உட்கார்ந்து.

அடி அசடே, முழுப் பூசணிக்காயை யாரிடம் சோற்றில் மறைக்கிறாய்? ஜன்னல் திறக்குமா என்று கேட்கிற முகத்தை முப்பத்தொரு வருஷம் பார்த்தவள் நான். அது முதல் தடவை விமானம் ஏறுகிறவர்களின் கேள்வி. அவர்கள் யாருமே தங்களுக்காகக் கேட்பதாகச் சொல்ல மாட்டார்கள். கூட வந்தவருக்காகக் கேட்பார்கள். போகட்டும், மூக்குக்கண்ணாடி ஸ்க்ரூடிரைவரைத் தூக்கிக்கொண்டு பறக்கிற வாடிக்கையாளர் உலகத்தில் எவர்? உன் ஜனவரிக் கடிதத்திலேயே எனக்குப் பொறி தட்டியது. அழுகை வந்தால் என்ன செய்வார்கள் என்று நீ கேட்டதும் உறுதியாகிவிட்டது. ஒழுகுகிற கூரை ஒழுகவில்லை என்பதும் தெரிந்துவிட்டது.

அன்றிலிருந்து ஐந்து வாரம் தினமும் இரண்டு சமையல் செய்து இரண்டையும் நானே நின்றுகொண்டு தின்றேன். நான் இறங்கி வருகிற நேரம் பார்த்து இவள் ஏறுகிறாளே என்று பொருமினேன். காலி செய்ய வேண்டிய வீட்டின் சுவர்களைப் பார்த்துக்கொண்டே மத்தியானங்களைக் கழித்தேன். அப்புறம் ஒரு நாள், கீரைப் பாத்திரத்தைக் கழுவும்போது ஒன்று நினைவுக்கு வந்தது. அம்மாவுக்கு யார் துணை என்று நாம் இரண்டு பேரும் ஒரு தடவைகூடப் பேசவே இல்லை. நான் பெட்டியைத் தூக்கினேன், நீ வாசலில் நின்றாய். அவ்வளவுதான். முப்பத்தொரு வருஷம் நீ ஒரு சாப்பாடு, நான் ஒரு சாப்பாடு. இப்போது தட்டை மாற்றிக்கொள்ளலாம் வா.

உன் கேள்விகளுக்குப் பதில். ஸ்க்ரூடிரைவர் கைப்பையில் வேண்டாம், பெரிய பெட்டியில் போடு. ஓடுபாதையில் வேகமெடுக்கும்போது எல்லாம் உடைந்து விழப்போகிறது என்று தோன்றும். உடையாது. உன்னால் மட்டும் உடையாது என்று நம்ப முடியாவிட்டால் பணிப்பெண்ணின் முகத்தைப் பார். அவள் சலிப்பாக இருக்கும்வரை கவலையில்லை. மேலே நாக்குக்கு உப்பு பாதிதான் தெரியும், சமைத்தவனைத் திட்டாதே. குளிரும். அவர்கள் கொடுக்கிற கம்பளி பேருக்குத்தான். உன் போர்வையை நான் பார்த்துக்கொள்கிறேன். அழுகை வந்தால் அழு. நாங்கள் முதலில் கைக்குட்டைத் தாள் கொடுப்போம், பிறகு தண்ணீர். ஏன் என்று கேட்க மாட்டோம். அது எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டதல்ல, நாங்களாகவே கற்றுக்கொண்டது.

இடப்பக்க ஜன்னல் இருக்கை கேட்டு வாங்கு. இறக்கைக்குப் பின்னால். ஏன் என்று சொல்ல வேண்டுமென்றால் ஒரு பொய்யை ஒத்துக்கொள்ள வேண்டும். உன் மஞ்சள் விரிப்பை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. விமானம் கிளம்பும்போது எங்களுக்கு மடக்கு இருக்கை. முகம் பயணிகளைப் பார்த்திருக்கும், இரண்டு கைகளும் தொடைக்கு அடியில். ஏதாவது ஆனால் எந்தக் கதவு, எந்தப் பக்கம், யார் உதவுவார் என்று அரை நிமிஷம் மனசுக்குள் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஜன்னல் பக்கம் திரும்பக் கூடாது. முதல் தடவை நீ அத்தனை ஆசையாக "தெரிஞ்சுதா?" என்று எழுதியிருந்தாய். தெரிந்தது என்று எழுதிவிட்டேன். பிறகு மாற்ற முடியவில்லை.

நான் கட்டுகிறேன், நீ பார்.

அன்புடன்,
அக்கா

மே 16

என் அக்காவுக்கு,

உன் கடிதத்தைக் கடையிலேயே பிரித்தேன். நல்லவேளை, கண் டாக்டர் இல்லாத கடை. கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்ததை யாரும் பரிசோதிக்கவில்லை. நலமாக இருக்கிறேன். இப்போதுதான் உண்மையாக நலம்.

விரிப்பைப் பற்றி எனக்குத் தெரியும். அம்மா இடுப்பு முறிந்து படுத்திருந்த வருஷம் அதை அம்மாவுக்குக் கீழேதான் விரித்திருந்தேன். வருஷம் முழுக்கக் கொடி காலி. நீயானால் போகிற ஊரிலிருந்தெல்லாம் "மஞ்சள் பளிச்சென்று தெரிந்தது" என்று எழுதினாய். முதலில் எரிச்சல் வந்தது. ஆனாலும் அடுத்த வருஷம் மறுபடி கட்டினேன். நீ பார்ப்பதற்காக இல்லை. அதைக் கட்டிவிட்டு நின்றால்தான் நீ போனது எனக்கு உறைக்கும்.

அவரைப் பற்றி எழுதாதது தப்பு. டிசம்பர் கடைசியில் கேட்டார். "அங்கே அளக்க நிறைய நிலம் இருக்கு. கண்ணாடி உடைஞ்சாத்தான் பார்க்க ஆளில்லை. வர்றீங்களா?" என்றார். அவர் மனைவி இறந்து ஒன்பது வருஷமாகிறதாம். நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அடுத்த வாரமே உன் கடிதம் வந்தது. "முடியாதுங்க, அக்கா வர்றாங்க" என்றேன். "அவங்களும் கூட வரட்டுமே" என்றார். "அவங்க இப்பத்தான் கீழே இறங்குறாங்க, மறுபடி ஏறச் சொல்ல முடியாது" என்றேன். அவர் சும்மா இருந்த கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். அதற்கப்புறமும் டிக்கெட் மட்டும் இரண்டாக வாங்கிவைத்துவிட்டார். அதனால்தான் அந்தக் கேள்விகளெல்லாம். போகப்போவதில்லை என்றுதான் இருந்தேன், ஆனாலும் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது.

நீ வந்ததும் நான் போவது நியாயமா, அக்கா? அந்த வீட்டில் நீ தனியாக இருப்பாய். நான் இருந்த மாதிரி. வேண்டாம் என்று ஒரு வார்த்தை எழுதினால் இருந்துவிடுகிறேன். சத்தியமாக வருத்தப்பட மாட்டேன்.

பொடிசு

மே 24

அன்புள்ள பொடிசுக்கு,

வருத்தப்பட மாட்டேன் என்று சத்தியம் செய்கிறவர்களை நான் நம்புவதில்லை. வேண்டாம் என்ற வார்த்தையைத் தேடிப் பார்த்தேன், வீட்டில் இல்லை, சாமான்களோடு கட்டிவிட்டேன்போல.

வீட்டுக்காரர் ஒரு வாரம் கூடுதலாகத் தந்திருக்கிறார், ஜூன் எட்டாம் தேதி வருகிறேன். பத்தாம் தேதி உங்கள் கல்யாணப் பதிவுக்குச் சாட்சிக் கையெழுத்து நான்தான். மாப்பிள்ளையிடம் சொல், அவர் கண்ணாடியை அன்றைக்கு ஒரு நாள் மட்டும் உடைக்காமல் இருக்கட்டும். நமக்கு நான்கு நாள் இருக்கிறது. நான்கு நாளும் மேஜையில் எதிரெதிரே சாப்பாடு. பன்னிரண்டாம் தேதி விமான நிலையத்துக்கு நான் வர மாட்டேன். எனக்கு மாடியில் வேலை இருக்கிறது.

முழங்கால் சுகம். நீ தைரியமாக இரு. எனக்குத் தனிமை பயம்தான், இல்லை என்று பொய் சொல்லப்போவதில்லை. ஆனால் என் பயத்துக்கு நீ காவல் இருந்தது போதும்.

அக்கா

ஜூன் 12, மேகத்துக்கு மேலே

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். காது அடைத்தது, கொட்டாவி விட்டேன், திறந்துகொண்டது. நீ நலமா என்று கேட்க மாட்டேன், ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

ஓடுபாதையில் எல்லாம் உடையப்போகிறது என்று நினைத்து, பணிப்பெண்ணின் முகத்தைப் பார்த்தேன். கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு மடக்கு இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். சலிப்பாக இல்லை. எதையோ மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். முப்பத்தொரு வருஷம் நீ இருந்த இடம் அது என்று அப்போதுதான் முழுசாகத் தெரிந்தது. என்னையறியாமல் அழுதுவிட்டேன். விமானம் மேலே போய்ச் சமநிலைக்கு வந்ததும் அவள் எழுந்து வந்து முதலில் தாள் கொடுத்தாள், பிறகு தண்ணீர். ஏன் என்று கேட்கவில்லை.

சாப்பாட்டில் இரண்டு வகை இருந்தது. "ரெண்டு பேரும் ஒரே சாப்பாடு சாப்பிடக் கூடாதுங்க" என்று இவரிடம் சொல்லி, அவருக்கு ஒன்றும் எனக்கு ஒன்றும் வாங்கினேன். பாதியில் இவர் என் தட்டிலிருந்து உருளைக்கிழங்கை எடுத்துக்கொண்டார். சட்டமெல்லாம் போயே போச்சு. உப்பு பாதிதான் தெரிந்தது.

அப்புறம் குளிர ஆரம்பித்தது. சால்வை இருக்குமா என்று கைப்பையைத் துழாவினேன். அடியில் மஞ்சள் விரிப்பு, நாலாக மடித்து. நைந்த ஓரத்தைப் புது நூலால் தைத்திருக்கிறாய். ஒரு முனையில் அந்தக் குழந்தையின் ஒற்றைக் காலுறையையும் ஊக்கால் குத்தியிருக்கிறாய். இப்போது அதைத்தான் போர்த்தியிருக்கிறேன். இவருக்கும் கொஞ்சம் இழுத்துவிட்டிருக்கிறேன்.

இனி முக்கியமான விஷயம். மாடியைப் பார்த்தேன் என்று எழுதினால், நீ முப்பத்தொரு வருஷம் சொன்ன பொய்யைத் திருப்பிச் சொல்கிறேன் என்று நினைப்பாய். விரிப்பு என் பையில் இருந்ததே, கொடியில் மஞ்சளை நான் பார்த்திருக்கவே முடியாது. கடையில் விடைபெறும்போது முதலாளி எனக்கு ஒரு சின்னப் பைனாகுலர் கொடுத்தார். உன்னிடம் காட்டவில்லை. கிளம்பி நான்காவது நிமிஷம், நீ சொன்னபடியே விமானம் இடப்பக்கம் சாய்ந்தது. தண்ணீர்த் தொட்டி தெரிந்தது, அதை அடுத்து நம் மாடி. மஞ்சளைத் தேடினேன், காணோம்.

கொடியில் நீல நிறத்தில் உன் சீருடைக் கோட்டு இருந்தது, அக்கா. ஒரு கையை மட்டும் மேலே தூக்கி மூங்கிலில் கட்டியிருந்தாய். காற்றில் அது ஆடிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் சாப்பாட்டு மேஜையின் நாற்காலி. அதை எப்படித் தூக்கிக்கொண்டு ஏறினாய், அந்த முழங்காலோடு?

நான்கு நாளும் என் எதிரே இரண்டு வாய் சாப்பிடுவாய், உடனே எழுந்து உப்பு எடுக்கப் போவாய், தண்ணீர் எடுக்கப் போவாய். ஒரு வேளைகூட முழுசாக நீ உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. இன்று பார்த்தேன். மடியில் தட்டு. எட்டு நொடி இருக்கும், அதற்குள் மேகம் வந்துவிட்டது. அந்த எட்டு நொடியும் நீ எழுந்திருக்கவில்லை. அண்ணாந்து பார்த்துக்கொண்டு, உட்கார்ந்து, சாப்பிட்டுக்கொண்டிருந்தாய்.

இறங்கியதும் இதைத் தபாலில் போடுகிறேன். தட்டில் என்ன இருந்தது என்பது மட்டும் தெரியவில்லை. எழுது.

பொடிசு